இதை ஏன் இடிக்காமல் விட்டார்கள்?

இங்கிலாந்தில் டார்செஸ்டர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது, மூன்று மணி நேரம் ரயிலில் போய்த் தவறான ஊரில் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டார்செட் மாவட்டத்தின் தலைநகரமான பெரிய டார்செஸ்டரில் நின்றுகொண்டு, "மடாலயத்துக்கு எப்படிப் போவது?" என்று நான்கு பேரிடம் கேட்டேன். மூவர் உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காமவர் சிரிக்காமல் சொன்னார்: "நீங்கள் தேடுவது தேம்ஸ் டார்செஸ்டர். அது ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது." நான் அப்போது குடியிருந்தது ரெடிங்கில். வீட்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊரைத் தேடித் தென்கடல் ஓரம் வரை போய் வந்திருக்கிறேன். மலிவு விலை டிக்கெட் என்பதால் பணமும் திரும்பவில்லை.

ஆகவே, இங்கிலாந்துக் கிராமங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஊர்ப்பெயரின் வாலையும் சேர்த்துப் படிப்பது நல்லது. 'டார்செஸ்டர் ஆன் தேம்ஸ்' என்பது முழுப்பெயர். அந்தச் சின்ன ஊருக்கு ரயில் நிலையமே கிடையாது. அதைக் கவனித்திருந்தாலே நான் தப்பியிருப்பேன்.

அடுத்த மாதம் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பஸ்ஸில் போனேன். அவசரப்பட்டு ஒரு நிறுத்தம் முன்னதாக, பெரின்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் இறங்கிவிட்டேன். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், கடைவரிசை, கார் நிறுத்துமிடம். பழமையின் சாயல் ஒரு துளியும் இல்லை. ஏமாற்றத்தோடு நெடுஞ்சாலையைக் கடந்து அரை மணிக்கும் குறைவாக நடந்தபோது மரங்களுக்கு மேலே ஒரு சதுரக் கோபுரமும், அதன் கீழே ஓட்டுக் கூரைகளும் வைக்கோல் கூரைகளும் தெரிந்தன.

பெயரில் தேம்ஸ் இருந்தாலும் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுவது தேம்ஸ் அன்று. அதன் கிளையாறான டேம். எழுத்தைப் பார்த்தால் 'தேம்' என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் 'டேம்' என்றுதான் சொல்கிறார்கள். தேம்ஸ் கால் மணி நடைத் தொலைவில், வயல்களுக்கு அப்பால் வளைந்து வருகிறது. இரண்டும் ஊருக்குத் தெற்கே கூடுகின்றன. அந்தக் கூடுதுறைக்கு மேலே உள்ள தேம்ஸுக்கு ஐசிஸ் என்றும் ஒரு பெயர் உண்டு. டேமும் ஐசிஸும் சேர்ந்து 'டேமிசிஸ்' ஆயிற்று என்று பழைய அறிஞர்கள் அழகாக ஒரு கதை கட்டினார்கள். கதை பொய். ரோமானியர்களே இந்த ஆற்றை டமேசிஸ் என்றுதான் அழைத்தார்கள். ஆனால் ஊர்ப் பெருமைக்கு உண்மை எப்போதும் தேவைப்படுவதில்லை.

மடாலயத்தின் பழைய விருந்தினர் விடுதியில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தன்னார்வலராக ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொன்றாகக் காட்டி, "இது எத்தனை ஆண்டு பழையது?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாறு முறை பொறுமையாகப் பதில் சொன்னார். ஏழாவது முறை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வயதை விடுங்கள். பழையது எல்லாமே ஒரு காலத்தில் நிறைய இருந்தது. இதை மட்டும் ஏன் இடிக்காமல் விட்டார்கள் என்று கேளுங்கள்" என்றார்.

உட்கார்ந்திருந்த கட்டடத்தையே அவர் உதாரணமாகக் காட்டினார். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரச்சட்டக் கட்டடம். மடாலயம் ஒழிந்த பிறகு விருந்தினரும் இல்லை, விடுதிக்கு வேலையும் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது அதற்கு ஓர் அறை தேவைப்பட்டது. பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள், கட்டடம் பிழைத்தது. இப்போது ஒரு பக்கம் அருங்காட்சியகம், கோடையில் ஊர்க்காரர்களே கேக் சுட்டு விற்கும் தேநீர் அறை. (எலுமிச்சை கேக்கைத் தவறவிடாதீர்கள் என்று எழுதலாம்தான். ஆனால் நான் இரண்டாம் முறை போனபோது தீர்ந்துபோயிருந்தது.)

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மடாலயத்துக்குள் போனேன். கதை நீளமானது. 634இல் பிரினஸ் என்ற துறவியைப் போப் ஹொனோரியஸ் இங்கிலாந்துக்கு அனுப்புகிறார். மறுஆண்டு வெஸ்ஸெக்ஸ் மன்னர் கினெகில்ஸுக்கு அவர் இந்த ஊரில் ஞானஸ்நானம் கொடுக்கிறார். ஞானத்தகப்பனாக நின்றவர் நார்தம்பிரியா மன்னர் ஆஸ்வால்ட். பக்தியோடு கூட்டணி அரசியலும் அந்தத் தண்ணீரில் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். டார்செஸ்டர் ஆயரின் (பிஷப்பின்) இருப்பிடமானது. ஒரு கட்டத்தில் இந்த ஆயரின் ஆட்சிப்பரப்பு தேம்ஸிலிருந்து வடக்கே ஹம்பர் ஆறு வரை நீண்டிருந்தது. பிரான்சிலிருந்து நார்மானியர்கள் படையெடுத்து வந்த பிறகு ஆயர் ரெமிஜியஸ் தம் இருக்கையை லிங்கனுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். லிங்கன் பெருநகரமாக வளர்ந்தது. டார்செஸ்டர் கிராமமாக மிஞ்சியது. சுமார் 1140இல் அங்கே அகஸ்டீனியத் துறவிகளின் மடாலயம் எழுந்தது.

1536இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மடங்களை மூட வருகிறார்கள். அந்த நாட்களில் மூடப்பட்ட மடங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் ஒரே கதிதான்: கூரை ஈயத்தை உரித்து உருக்குவார்கள், மணிகளை விற்பார்கள், மழை உள்ளே இறங்கும், பிறகு அக்கம்பக்கத்தார் கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். டார்செஸ்டரில் அது நடக்கவில்லை. ரிச்சர்ட் போஃபாரஸ்ட் என்ற உள்ளூர்ச் செல்வர் 140 பவுண்டு கொடுத்து ஆலயத்தின் கிழக்குப் பகுதியை வாங்கினார். பிறகு தம் உயிலில் அதை ஊர்மக்களுக்கே எழுதிவைத்தார். ஆலயத்தின் உடைமைகளை விற்கவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனையும் போட்டார். ஊர்க்காரர்களின் குணம் தெரிந்த மனிதர் போலும்.

அப்படிப் பிழைத்ததில் எனக்கு மிகப் பிடித்தது ஈயத் தொட்டி. 12ஆம் நூற்றாண்டில் வார்த்த ஞானஸ்நானத் தொட்டி. சுற்றிலும் வளைவுகளுக்குக் கீழே காட்டிக்கொடுத்த யூதாஸ் நீங்கலாக இயேசுவின் பதினொரு சீடர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஈயத்துக்காகவே கூரைகளை உரித்த காலத்தில், கை எட்டும் உயரத்தில் இருந்த இத்தனை ஈயம் தப்பியது வியப்புதான். ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு தொட்டி வேண்டியிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பலிபீடத்துக்கு வடபுறம் இருக்கும் ஈசாய் ஜன்னலுக்கு முன்னால் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். சுமார் 1340இல் செய்தது. ஜன்னலின் அடியில், இயேசுவின் மூதாதையான தாவீது மன்னரின் தந்தை ஈசாய் படுத்திருக்கிறார். அவர் உடலிலிருந்து ஒரு கல்மரம் முளைத்து, ஜன்னலின் நடுத்தண்டாக மேலேறி, இருபுறமும் கிளைவிடுகிறது. கிளைகள் கூடும் இடங்களில் சின்னச் சின்னக் கல் உருவங்கள். இடையிடையே கண்ணாடியிலும் உருவங்கள். இயேசுவின் வம்சாவளியைக் கல்லும் கண்ணாடியும் பங்கு போட்டுக்கொண்டு சொல்கின்றன. உச்சியில் இருந்திருக்க வேண்டிய இயேசுவையும் மரியாளையும் மட்டும் காணவில்லை. உடைத்துவிட்டார்கள். மற்ற உருவங்களை ஏன் விட்டார்கள்? அவை ஜன்னலைத் தாங்கும் தண்டிலேயே செதுக்கப்பட்டவை; உடைத்தால் ஜன்னலே சரியும். இது என் ஊகம். ஆனால் ஏணியில் நின்று சுத்தியலை ஓங்கியவனுக்கு அந்தக் கணக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

ஒரு சின்ன யோசனை: இப்படிப்பட்ட ஆலயங்களுக்குப் போகும்போது சிறிய தொலைநோக்கி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பறவை பார்ப்பவர்கள் வைத்திருப்பது போதும். தலைக்கு மேலே இருப்பதைக் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். வடக்கு ஜன்னலுக்கு நேர் வெயில் தேவையில்லை. மேகம் மூடிய நாளில் இன்னும் தெளிவாகவே இருக்கும். இங்கிலாந்தில் அந்த நாளுக்குப் பஞ்சமில்லை.

தரையையும் பாருங்கள். நான் இரண்டு முறை மிதித்துக்கொண்டு போன ஒரு கல், 1799இல் 29ஆம் வயதில் இறந்த சாரா ஃப்ளெட்சரின் கல்லறை. உலகத்தின் முரட்டு உலுக்கல்களைத் தாங்க முடியாத அளவுக்கு மெல்லிதாக நூற்கப்பட்ட நரம்புகள் கொண்டவள் என்றும், மிதமிஞ்சிய மென்னுணர்வுக்குப் பலியானவள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. கணவரைப் பற்றி 'கேப்டன் ஃப்ளெட்சரின் மனைவி' என்ற ஒரு சொற்றொடர் மட்டும். கல் சொல்லாததை ஊர் சொல்கிறது: கணவர் வேறொரு பணக்காரப் பெண்ணை மணக்கப் போனாராம், இவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாளாம். பெரிய பெரிய சொற்களில் எழுதிய கல்லறையைக் கண்டால், எழுதாமல் விட்டது எது என்று பார்ப்பது அன்று முதல் பழக்கமாகிவிட்டது.

மடாலயத்தை விட்டு ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்தால் என் அடுத்த தவறு காத்திருந்தது. வைக்கோல் கூரை போட்ட வீடுகள்தான் பழையவை, செங்கல் முகப்பு வைத்தவை புதியவை என்று முடிவு கட்டிக்கொண்டு படம் எடுத்துத் தள்ளினேன். பாதிக்கு மேல் தலைகீழ். 18ஆம் நூற்றாண்டில் இது லண்டன் திசைக்குக் குதிரை வண்டிகள் ஓடிய பாதை. சத்திரங்களில் காசு புழங்கியது. காசு வந்தவர்கள் பழைய மரவீட்டை இடிக்கவில்லை. தெருவைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் நாகரிகமான செங்கல் சட்டையை மாட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பது நூறு, இருநூறு ஆண்டு மூத்த உடம்பு.

வீட்டின் முகத்தை நம்பாமல் விலாவைப் பார்க்க வேண்டும். சந்து வழியாகப் பக்கச் சுவருக்குப் போனால், செங்கல் நின்றுபோய் மரச்சட்டம் தொடங்கும் இடம் தெரியும். சட்டங்களுக்கு நடுவே படல் பின்னி மண் அப்பிய சுவர் இருந்த இடத்தில் பிற்காலச் செங்கல் அடைத்திருப்பார்கள். கூரையின் சரிவும் காட்டிக்கொடுக்கும். ஓடு போட்டிருந்தாலும் சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால், அது ஒரு காலத்தில் வைக்கோல் வேய்ந்த கூரையாக இருந்திருக்கலாம். சரிவு குறைந்தால் வைக்கோலில் தண்ணீர் தங்கிவிடும்.

இப்படி ஒரு சந்தில் நின்று சுவரை ஆராய்ந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வெளியே வந்தார். கழுத்தில் கேமராவும் கையில் தொலைநோக்கியுமாக, முன்பின் தெரியாத ஒருவன் தன் வீட்டுச் சுவரை உற்றுப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். "என்ன தேடுகிறீர்கள்?" என்றார். உண்மையைச் சொன்னேன்: "உங்கள் வீட்டின் வயதை." சிறிது நேரம் என்னைப் பார்த்தவர், "அப்படியானால் தவறான சுவரைப் பார்க்கிறீர்கள்" என்று சொல்லிப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே உத்தரமும் தூணும் சேரும் மூட்டில், ஒரு சாண் நீளத்துக்கு உளியால் கீறிய கோடுகள். பக்கத்து மூட்டில் அதற்கு அடுத்த எண். தச்சர்கள் சட்டங்களை முதலில் தங்கள் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, மூட்டுகளுக்கு ரோமானிய எண்களைக் கீறி, பிறகு பிரித்து வண்டியில் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். கட்டியவன் கையெழுத்து அந்த வீட்டில் அது ஒன்றுதான். நான் விரலால் தடவிப் பார்த்ததை அவர் தடுக்கவில்லை.

கேட்டிருந்தால் முதலிலேயே காட்டியிருப்பார் என்பதுதான் இதில் எனக்கு உறைத்தது. பட்டியலிட்ட பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் பொதுச்சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். போவதற்கு முன்பு ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தின் இணையப் பட்டியலில் ஊர்ப்பெயரைப் போட்டால் ஒவ்வொரு கட்டடத்தின் தரமும் குறிப்பும் இலவசமாகக் கிடைக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 19ஆம் நூற்றாண்டு வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் விரித்துப் பார்க்கலாம். பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் தாள் வரைபடம் வாங்கினால் எழுத்துருவைக் கவனியுங்கள்: ரோமானியச் சின்னங்களுக்கு ஓர் எழுத்து, மற்ற பழஞ்சின்னங்களுக்குக் கொம்பு வைத்த கோதிக் எழுத்து. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது பயணம் பிப்ரவரியில். ஊருக்குத் தெற்கே வயலில் இருக்கும் டைக் ஹில்ஸ் என்ற இரட்டை மண்கரையைப் பார்த்துவிட்டு, தேம்ஸ் மேல் உள்ள டேஸ் லாக் வரை நடக்கத் திட்டம். லாக் என்பது படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு. மழை பெய்து பத்து நாள் ஆகிவிட்டதே என்று சாதாரண ஷூவில் கிளம்பினேன். ஆறு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. மேலே பெய்தது மெதுவாக வந்து சேரும். கரைக்கு அப்பால் புல்வெளி முழுவதும் தண்ணீர். பாதை எங்கே போகிறது என்பதற்கு ஒரு கேட்டின் மேல்கம்பி மட்டும் அடையாளம். முழங்கால் வரை நனைந்த பிறகு திரும்பிவந்து கரையின் மேல் ஏறி நின்றேன்.

அப்போதுதான் அந்த இடம் புரிந்தது. மேற்கிலும் தெற்கிலும் தேம்ஸ், கிழக்கில் டேம். திறந்திருக்கும் வடக்குப் பக்கத்தை மட்டும் இரண்டு கரையும் நடுவே அகழியுமாக அடைத்திருக்கிறார்கள், ரோமானியர்கள் வருவதற்கு முன்பே, இரும்புக் காலத்தில். மூன்று பக்கக் கோட்டைச் சுவரை ஆறுகளே கட்டிக்கொடுத்துவிட்டன. என் பின்னால், வெள்ளம் தொடாத சரளை மேட்டில், டார்செஸ்டர் காய்ந்து நின்றது. கோடையில் நான்கு முறை வந்திருந்தாலும் இந்த அமைப்பு எனக்குப் பிடிபட்டிருக்காது. (நனையாமல் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் விட்டனம் கிளம்ப்ஸ் குன்றுகளில் ஏறுங்கள். அரசாங்கத்தின் வெள்ள எச்சரிக்கைத் தளத்தில் நீர்மட்டத்தையும் முதல்நாளே பாருங்கள்.)

இந்தக் கரைகளும் போயிருக்க வேண்டியவை. 1870இல் உழவுக்காக அவற்றைச் சமன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அகஸ்டஸ் லேன் ஃபாக்ஸ் என்ற ராணுவ அதிகாரி குரல் எழுப்பினார். பிற்காலத்தில் பிட் ரிவர்ஸ் என்று பெயர் மாறிய அதே தொல்லியலாளர். வேலை நின்றது. இப்படிப்பட்ட அழிவுகளைக் காட்டித்தான் ஜான் லபக் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடி, 1882இல் பழஞ்சின்னங்களுக்கான முதல் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சட்டத்தின் முதல் ஆய்வாளராக நியமிக்கப்பட்டவரும் பிட் ரிவர்ஸ்தான்.

கரையிலிருந்து இறங்கும்போது பாதையோரம், எலி தள்ளிய மண்ணில் சிவப்பாக ஓர் ஓட்டுத்துண்டு. ரோமானியப் பானை என்று மனம் துள்ளியது. கைக்குட்டையில் சுற்றி அருங்காட்சியகத்து மூதாட்டியிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். "பூந்தொட்டி. என் பாட்டி காலத்தது" என்றார். பிறகு கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்: எடுத்த இடத்தைக் குறிக்காமல் எடுத்த பொருள் ஊமை, பாதுகாக்கப்பட்ட நிலத்திலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியோடு அங்கே காலை வைத்தால் குற்றம். பூந்தொட்டித் துண்டோடு நான் வாங்கிக்கொண்ட பேச்சு அது.

தப்பாதவற்றின் பட்டியலும் உண்டு. ஊருக்கு வடக்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் நீளமான கற்கால வழிபாட்டு வளாகம் ஒன்றும், பிக் ரிங்ஸ் என்ற பெரிய வட்டச் சின்னமும் இருந்தன. விமானத்திலிருந்து எடுத்த படங்களில் பயிரின் நிறவேறுபாடாகத் தெரிந்தவை. சரளைக்காகத் தோண்டியதில் போய்விட்டன. இப்போது அங்கே குட்டைகளும் சாலையும். 1731இல் ஊரில் ஒரு ரோமானியப் பலிபீடம் கிடைத்தது. மார்கஸ் வேரியஸ் செவரஸ் என்ற ஆளுநர் அலுவலக அதிகாரி, ரோமானியக் கடவுளான ஜூபிடருக்காகத் தடுப்புக் கிராதியோடு சேர்த்துத் தன் சொந்தச் செலவில் அமைத்தது என்று அதில் பொறித்திருந்தது. எழுத்தைப் படியெடுத்து வைத்தார்கள், கல்லைத் தொலைத்துவிட்டார்கள்.

ஹை ஸ்ட்ரீட்டின் இன்றைய அமைதியும் மிகப் பழையதன்று. 1982இல் புறவழிச்சாலை திறக்கும் வரை லாரிகள் இந்தச் சத்திரங்களின் வாசலை உரசிக்கொண்டுதான் போயின. ஆற்றின் மேல் இருக்கும் 1815ஆம் ஆண்டுப் பாலமும் அத்தனை சுமையையும் தாங்கியிருக்கிறது.

கடைசியாகப் போன அன்று திரும்புகிற பஸ்ஸுக்காக, வேண்டுமென்றே பெரின்ஸ்ஃபீல்டு வரை நடந்தேன். அதற்குள் அந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் படித்திருந்தேன். பெயர் பிரினஸ் துறவியின் பெயரிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் அது மவுண்ட் ஃபார்ம் விமானதளம். அமெரிக்கர்களின் உளவுப்பட விமானங்கள் அங்கிருந்துதான் பறந்தன. போர் முடிந்ததும் வீடில்லாத குடும்பங்கள் காலியான ராணுவக் குடில்களில் குடியேறின. பிறகே அந்தப் புதிய கிராமம் எழுந்தது. நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். வயது எண்பது இருக்கும். குடில்களைப் பற்றிக் கேட்டேன். "நான் அதில்தான் வளர்ந்தேன். அம்மா நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு இரண்டு அறையாக்கினாள். மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் அப்பா பேசுவது காதில் விழாது. எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது" என்று சிரித்தார். டார்செஸ்டர் மடாலயத்துக்குப் போயிருக்கிறீர்களா என்றேன். பள்ளியிலிருந்து ஒரு முறை கூட்டிப்போனார்களாம். குளிர் மட்டும் நினைவிருக்கிறதாம்.

அவர் இருந்த குடில் எந்த இடத்தில் நின்றது என்று கேட்டேன். கையை நீட்டிக் கடைவரிசையின் பக்கம் காட்டத் தொடங்கினார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.